மூக்கோரத்துத் தோல் புற்று: மோஸா, சாதா வெட்டா, கரண்டா?

மூக்குக் கண்ணாடியின் குட்டி ரப்பர் பொத்தான் உட்காருமே, சரியாக அந்த இடத்தில்தான் எனக்கு வந்தது. கண்ணாடி உரசி வந்த புண் என்றே நினைத்தேன். முத்து மாதிரி பளபளப்பாகச் சின்ன மேடு, அதன் மேல் நூலிழை போல ரத்தக் குழாய்கள். துண்டால் முகம் துடைத்தால் ஒரு பொட்டு ரத்தம், அப்புறம் பொருக்குத் தட்டும், ஆறின மாதிரி இருக்கும், மறுபடி ரத்தம். இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன். பயாப்சியில் பேசல் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்று என்று வந்தபோது எனக்கு வயது 72.

புற்று என்ற சொல்லே வீட்டைக் கலக்கிவிட்டது. ஆனால் இந்த வகை உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். அதற்காக விட்டுவைக்கவும் முடியாது, இருந்த இடத்திலேயே மெல்லக் குடைந்துகொண்டு போகும், மூக்கில் என்றால் குருத்தெலும்பு வரை. ஆக உயிர்ப் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, எப்படி எடுப்பது என்று மட்டும்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

க்ரீமை முதலிலேயே தள்ளிவிட்டேன். இமிக்விமோட் என்று ஒன்று உண்டு, வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் பூச வேண்டும், தோல் சிவந்து புண்ணாகி ஆறும். ஆனால் அது மேலோட்டமாகப் படர்ந்த வகைக்குத்தான், அதிலும் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் 100 பேரில் 80 பேருக்குத்தான் திரும்பாமல் இருக்கிறது. என்னுடையது முடிச்சாக ஆழத்தில் இறங்கும் வகை. ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். 90ஐத் தாண்டி, வேறு நோயோடு படுத்திருப்பவருக்கு வலிக்காத சின்ன மேட்டை எதற்குத் தோண்ட வேண்டும்? எனக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் பாக்கி இருக்கிறது என்ற நப்பாசை, அதனால் அது சரிப்படவில்லை.

"கத்தியே வேண்டாம்பா, கரண்ட் வெச்சுக்கலாம்" என்றாள் மகள். கரண்ட் என்று அவள் சொன்னது கதிர்வீச்சை. அதில் வெட்டு இல்லை, தையல் இல்லை, சர்ஜரி தாங்காத வயதானவர்களுக்கு நல்ல வழி. ஆனால் பல நேரம் வாரக்கணக்கில், கிட்டத்தட்ட தினமும் போய்வர வேண்டும். வருடங்கள் போகப் போக அந்த இடம் வெளுத்து மெலிந்துபோகும். ஒருமுறை வைத்த இடத்தில் பொதுவாக மறுபடி வைக்க மாட்டார்கள், புற்று திரும்பினால் அந்தத் தோலில் வெட்டித் தைப்பதும் கஷ்டம். என் நண்பர் ஒருவர் காதில் வைத்துக்கொண்டார், நன்றாகவே இருக்கிறார், அலைச்சலைத் தவிர அவருக்குக் குறை இல்லை. எனக்குத் தெரிந்த நேரடி அனுபவம் அந்த ஒன்றுதான், அதை வைத்து ரொம்பப் பேச மாட்டேன்.

மிச்சம் இருந்தது சாதா வெட்டும் மோஸ் சர்ஜரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே இடத்தில்தான்: ஓரம்.

சாதா முறையில் கட்டியைச் சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, தைத்து, லேபுக்கு அனுப்புவார்கள். முதுகில் 4 மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. என் மூக்கில் இருந்த 6 மில்லிமீட்டர் மேட்டுக்கு இரண்டு பக்கமும் 4 சேர்த்தால் 14 மில்லிமீட்டர் பள்ளம். சரி, அழகு போனால் போகட்டும். லேபில் அந்தத் துண்டைச் சில இடங்களில் மட்டும் மெல்லிசாகச் சீவிப் பார்ப்பார்கள். தொட்டி ஒழுகுகிறதா என்று நாலு இடத்தில் தடவிப் பார்க்கிற மாதிரி, மொத்த ஓரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் புற்றோ சில நேரம் வேர் விடும், அந்த வேர் இரண்டு சீவலுக்கு நடுவே இருந்துவிட்டால் தப்பித்துக்கொள்ளும்.

மோஸ் என்பது ஆள் பெயர். ஃப்ரெடெரிக் மோஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1930களில் தொடங்கிய முறை. அவர் முதலில் துத்தநாகக் களிம்பு பூசித்தான் செய்தார், இப்போது திசுவை உறையவைத்துப் பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் சேர்த்து எடுத்து, திசை தெரிய மை தொட்டு, அடிப்பக்கமும் சுற்று ஓரமும் ஒரே தளத்தில் வருகிற மாதிரிச் சீவி மைக்ராஸ்கோப்பில் முழுக்கப் பார்க்கிறார்கள். எங்கே மிச்சமோ அங்கே மட்டும் திரும்பத் தோண்டுகிறார்கள். முதல்முறை வந்த கட்டிக்கு ஐந்து வருடக் கணக்கில் 100க்கு 99 வரை திரும்புவதில்லை, சாதா வெட்டில் அது 95ஐ ஒட்டி.

நாலு பேர் வித்தியாசத்துக்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த நாலில் நான் விழுந்தால், இரண்டாவது தடவை தழும்புக்குள் தேட வேண்டும், ஆழமாகப் போயிருக்கும், அதுவும் 78லோ 80லோ, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு, கூட்டிப்போக யார் இருப்பார்கள் என்று தெரியாத நிலையில். இந்த ஒன்றுக்காகத்தான் மோஸ் எடுத்தேன்.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குப் போனவன் வெளியே வர மூன்று ஆனது. மரத்துப்போக மூக்கில் போடுகிற ஊசிதான் வலி, கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. பத்து நிமிடத்தில் ஒரு அடுக்கு எடுத்து, கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அந்த அறையில் மூக்கிலும் காதிலும் வெள்ளைக் கட்டோடு நாலைந்து பேர், எல்லாருக்கும் என் வயசு. கண் பக்க ஓரத்தில் இன்னும் இருக்கிறது என்று மறுபடி கூப்பிட்டார்கள், இரண்டாவது சுற்றில் சுத்தம். பக்கத்துத் தோலை நகர்த்தி மூடித் தைத்தார்கள், ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இதற்கென்று பயிற்சி எடுத்த டாக்டர் எல்லா இடத்திலும் கிடையாது. மூக்கு நுனி மாதக்கணக்கில் மரத்தே கிடந்தது. முக்கியமாக, இரண்டு வாரம் கண்ணாடி போட முடியாது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பொத்தான் தையலில் படாமல் பிரேமை நெற்றியோடு டேப் ஒட்டித் தூக்கிவைத்துத்தான் படித்தேன்.

ஒருமுறை வந்தவர்களுக்கு வேறிடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு அதிகம் என்றார்கள், அடுத்த வருடமே மேல்கையில் வந்தது. அதற்கு மோஸ் கேட்கவே இல்லை. சாதா வெட்டு, அரை மணி நேரம், கையில்தான் தோல் தாராளமாகத் தொங்குகிறதே. ஒன்பதாம் நாள் போனில் "ஓரம் சுத்தம்" என்றார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தபடியே கேட்டுக்கொண்டேன்.