பேப்பரா, நேரலையா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு பல்கலைக்கழக மாணவர் போராட்டத்தை அறிய எனக்கு இரண்டு வழிதான். காலையில் தேத்தண்ணிக்கடை மேசையில், கிளாஸ் வைத்த ஈர வட்டத்தோடு கிடக்கும் பேப்பர். இல்லாவிட்டால் போனில் முகநூல் நேரலை.

2021 ஜனவரி 8 இரவு யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது நேரலைதான் முந்தியது. வாசலில் பிள்ளைகள் திரண்டதை அந்த இரவே பார்த்தோம். பேப்பரிலோ ஒரு சொல்லே பக்கம் சாய்ந்துவிடும். ‘இடிக்கப்பட்டது’ என்றால் ஒரு கதை, ‘அகற்றப்பட்டது’ என்றால் வேறு கதை. முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் பறிகொடுத்த வன்னி வீடுகளுக்கு இது வெறும் சொல் வித்தியாசம் இல்லை.

சரி, நேரலை சாயாதா? சாயும். போனைப் பிடித்தவர் நிற்கும் பக்கம்தான் தெரியும். யார் முதலில் தள்ளினார் என்பது தெரியாமலே போகும்.

பேப்பரின் பலம் வேறு. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக் குளப்பிட்டியில் யாழ் பல்கலைக்கழக மாணவர் இருவரின் சாவு முதலில் விபத்து என்றுதான் வந்தது. பிரேத பரிசோதனைதான் துப்பாக்கிச் சூட்டை வெளியே கொண்டுவந்தது. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் காத்துக் கிடந்து அப்படியான ஒன்றை எழுத நிருபர் வேண்டும்.

அதனால் அன்றிரவுக்கு நேரலை, அடுத்த மாதத்துக்குப் பேப்பர் என்பேன். ஆனால் ‘பொலிஸார் தெரிவித்தனர்’ என்று தொடங்கி, ஒரு மாணவரின் குரல்கூட இல்லாமல் முடியும் செய்தியை நான் பேப்பர் கணக்கில் சேர்க்கமாட்டேன்.