பழைய போனா, புளூடூத் ரிசீவரா?

செல்போனில் நெடுநேரம் பேசிக் காது சூடாகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய ரிசீவர் வடிவில் வரும் புளூடூத் கருவி எளிது. சார்ஜ் செய்து செல்போனுடன் இணைத்தால் பேசலாம், பையிலும் போட்டுக்கொள்ளலாம். எண்ணை மட்டும் செல்போனில்தான் அழுத்த வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் தூசி படிந்து கிடக்கும் நிஜமான சுழல் டயல் போனை ஒரு புளூடூத் பெட்டியில் செருகுவது. அந்தப் பெட்டி தொலைபேசி நிலையத்தின் வேலையைச் செய்கிறது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும், அழைப்பு வந்தால் மணி அடிக்கும். வாங்கும்முன் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். டயல் திரும்பி வரும்போது 1-க்கு ஒரு துடிப்பு, 5-க்கு ஐந்து, 0-க்குப் பத்து என்று இணைப்பு விட்டுவிட்டு அறுபடும். சில பெட்டிகளுக்கு இந்தக் கணக்குப் புரியாது. அப்புறம், பழைய மணியை அடிக்க வைக்க அந்தக் காலத்து நிலையங்கள் 75 வோல்ட்டுக்கு மேல் அனுப்பின. பெட்டியில் அந்த வலு இல்லாவிட்டால் மணி முனகத்தான் செய்யும்.

பயணத்துக்கு முதலாவது சரி. வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். விரலை நுழைத்துச் சுற்றி, டயல் கிர்ரென்று திரும்பும் வரை காத்திருக்கும் சுகம் முதலாவதில் கிடையாது.