மாசி 35: எஞ்சின் திருத்தியபின் இழுவை எப்படி?

கிளிநொச்சிப் பக்க வயல்களில் இன்னும் ஓடும் பழைய மாசி பெர்குசன் 35 உழவு இயந்திரங்களில், மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சின் பூட்டியவற்றுக்குத்தான் மரியாதை. 1959 கடைசியில் அது வருவதற்கு முன்பிருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், குளிர்ந்த காலையில் ஆளோடு மல்லுக்கட்டும். என்னுடையது மூன்று சிலிண்டர். இரண்டரை லீற்றர், 37 குதிரைவலு அளவு. திருத்துவதற்கு முன் அதில் பாதிகூட வயலுக்கு வந்து சேரவில்லை. எஞ்சினின் உட்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயால் புகை. நெல்மூட்டைப் பெட்டியோடு குளக்கட்டு ஏறினால் திணறல்.

இழுவை கூட்ட வேண்டும் என்றதும் பலருக்கும் கை போவது டீசல் பம்பில்தான். டீசலைக் கூட்டினால் எஞ்சின் உறுமும், கறுப்புப் புகை தள்ளும், பார்ப்பவருக்குத் திருப்தி. அந்தப் புகை எரியாத டீசல். பிஸ்டன் தலையும் வீணாகச் சூடேறும். நான் பம்பைப் பழைய அளவிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

காசு போக வேண்டிய இடம் லைனர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை உறை. இதில் இருப்பது உலர் லைனர். தண்ணீர் அதைத் தொடாது. பிளாக்கின் (எஞ்சின் உடலின்) துளையோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு வெளியேறும். கழற்றிய லைனர் ஒன்றின் வெளிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் திட்டு. அதற்கு நேர் உள்ளே பிஸ்டன் ரிங் கீறிய கோடுகள். சூடு கடத்தாத இடம் அதுவே காட்டிக்கொடுத்தது. முதலில் கிடைத்த மலிவு லைனர் துளைக்குள் தளர்ந்து ஆடியதால் திருப்பிக் கொடுத்தேன். மற்றபடி கிராங்க் தண்டைப் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) கடைந்து புது ஷெல் பேரிங், வால்வு அரைப்பு, டீசல் தெளிக்கும் புது நாசில், வழக்கமான வேலைதான்.

சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 127 மி.மீ. இப்படி நீண்ட ஓட்டமுள்ள எஞ்சின், கம்ப்ரெஷன் சரியாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். முன்பு லோ கியர் இரண்டில் முனகிய ஒன்பது கொழுக் கலப்பையை இப்போது லோ மூன்றில் கொண்டுபோகிறேன். சில போகங்கள் கடந்தும் அதில் குறைவில்லை.

இப்போது தடை எஞ்சின் அல்ல, சில்லு. சேற்றில் இரும்புச் சில்லு இல்லாமல் சுழன்றுகொண்டே நிற்கும். வலு வந்துவிட்டது என்று சங்கிலியை மேல் இணைப்பில் கொளுவாதீர்கள். முன்பக்கம் தூக்கி ஆளையே கவிழ்க்கும். கீழ்க் கொக்கியில் மட்டும்.

கிளட்ச் தட்டையும் அப்போதே மாற்றியிருந்தால் இன்னொரு முறை இயந்திரத்தை நடுவில் பிரிக்க வேண்டியிருந்திருக்காது. கிராங்க் தண்டின் பின்பக்கக் கயிற்றுச் சீல் புதிதானாலும் எண்ணெய் கசியத்தான் செய்கிறது. உதிரிப்பாகம் சிரமமில்லை, மாசி 135க்கும் இதே குடும்ப எஞ்சின்தான்.