10க்கு 14 ஹாலில் 12 பேர் உட்கார: சோபா செட்டா, கார்னர் சோபாவா, சுவரோர பெஞ்சா?

செங்கோட்டையில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக்கு ஆள் வரத்தும் ஆரம்பிக்கும். ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இறங்குமிடம் எங்கள் வீடுதான். அத்தையைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில். 2018இல் மலைப்பாதை முழுவதும் அகல ரயில் பாதையாகத் திறந்ததில் இருந்து, அந்தக் குடும்பம் ஒரு சீசனையும் விடுவதில்லை.

போன சீசனில் ஒரு நாள் ஹாலில் 11 பேர். 3+1+1 சோபா செட்டில் ஐந்து பேர், பிளாஸ்டிக் சேரில் இரண்டு பேர். ஆச்சி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அத்தையும் மதினியும் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றபடியே காப்பி குடித்தார்கள். பெரிய மாமா சுவரோடு ஒட்டி நின்றார். தூரத்தில் இருந்து வந்த மனுஷியை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அதன்பிறகுதான் டேப்பை எடுத்து அளந்தேன்.

முதலில் ஹாலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. அகலம் 10 அடி, நீளம் 14 அடி. தெருவாசலும் உள்கட்டுக்குப் போகிற வாசலும் நேருக்கு நேர், இரண்டும் 10 அடிச் சுவர்களின் நடுவில். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். வாசலில் நின்றால் கொல்லை தெரியும். ஆச்சி இன்னமும் ஹாலைப் பட்டாசால் என்றுதான் சொல்வார். வாசலின் அகலம் மூன்றரை அடி. அந்த அகலத்துக்கு நடுவில் நடைபாதை விட்டால், இரண்டு பக்கமும் மிஞ்சுவது மூன்றேகால் அடி, அதாவது 39 அங்குலம். உட்காருகிற ஆளும் அவர் நீட்டும் காலும் இந்த 39 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். உட்கார்ந்தவரின் பாதத்துக்கு இருக்கையின் விளிம்பில் இருந்து 16 அங்குலமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோபா செட். கடைகளில் கிடைக்கிற சாதாரண சோபாவின் ஆழம் 34 அங்குலத்தில் இருந்து 36 வரை. காலையும் சேர்த்தால் 50 அங்குலம், அதாவது 11 அங்குலம் நடைபாதைக்குள் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் எதிரெதிராகப் போட்டால் 42 அங்குலப் பாதையில் 20 அங்குலம்தான் மிச்சம். தண்ணீர்ச் செம்போடு வருகிறவர் ஒவ்வொரு காலாகத் தாண்டி வர வேண்டும். நடுவில் டீப்பாயும் போட்டுவிட்டால் நடக்கவே வழி கிடையாது.

அதைவிடப் பெரிய இழப்பு கைப்பிடியில். மூன்று பேர் சோபா சுமார் ஆறரை அடி, ஒற்றை சோபா ஒவ்வொன்றும் 3 அடி. மொத்தம் பன்னிரண்டரை அடிச் சுவரில் ஐந்து பேர். ஒரு ஆளுக்கு 22 அங்குலம் போதும் என்று கணக்குப் போட்டால் ஐந்து பேருக்கு ஒன்பதேகால் அடி போதுமே, மீதி எங்கே போனது? மூன்று சோபாவுக்கும் சேர்த்து ஆறு கைப்பிடி, ஒவ்வொன்றும் ஏழெட்டு அங்குலம். ஏறக்குறைய நாலடி. இரண்டு ஆள் உட்காரும் இடத்தில் கைப்பிடிகள் உட்கார்ந்திருக்கின்றன. புளியரையில் இருந்து வந்து அளவெடுத்த ஆசாரி அண்ணன் பார்த்த உடனே சொன்னார்: “இந்தக் கட்டைய எல்லாம் எடுத்துட்டா உங்க அத்தை உக்காந்துருப்பாங்களே!”

சோபாவின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம் படம் பார்க்க, வேலை முடிந்து வந்து சாய்ந்துகொள்ள அதற்கு ஈடு கிடையாது. வீட்டில் நாலு பேர், விருந்தாளி எப்போதாவது என்றால் சோபாவே வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை சோபாக்களை மட்டும் விட்டுவிட்டு, கைப்பிடி மெல்லியதாக இருக்கிற ஒரு மூன்று பேர் சோபா வாங்குங்கள்.

கார்னர் சோபாவைப் பற்றி எல்லாரும் சொல்வது, இடத்தை மிச்சம் பண்ணும் என்று. உண்மைதான், மூலை சும்மா கிடக்கிற ஹாலில். என் தம்பி திருவனந்தபுரத்தில் இருக்கிற ஃப்ளாட்டில் வாசல் ஒரு ஓரத்தில் இருக்கிறது, எதிர் மூலையில் வாசலே கிடையாது. அங்கே 8க்கு 6 அடி கார்னர் சோபா அழகாகப் பொருந்தி இருக்கிறது. இரண்டே கைப்பிடிதான், அதுவும் லாபம். ஆனால் ஆறு பேர் சோபா என்று சொல்லி விற்றதில் ஐந்து பேர்தான் உட்கார முடிகிறது. மூலையில் ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் முட்டி இடிக்கும். எங்கள் ஹாலுக்கு அது ஆகவே ஆகாது. 6 அடிக் கிளை திரும்புகிற சுவரில் வாசலுக்கு முன்னால் 39 அங்குலம்தான் இருக்கிறது. போட்டால் வாசலைப் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: இடப்பக்கம் திரும்புவது, வலப்பக்கம் திரும்புவது என்று அது ஒரு பக்கமாகச் செய்யப்பட்டிருக்கும். அடுத்த வீட்டில் மூலை மாறிவிட்டால் சோபாவும் மாற வேண்டும்.

மூன்றாவது, சுவரோர பெஞ்சு. இந்த யோசனை எனக்குத் தோன்றியது புனலூர் அத்தை வீட்டு முகப்பில். கேரளத்துப் பழைய வீடுகளின் பூமுகத்தில் சாருபடி என்று ஒன்று பார்த்திருப்பீர்கள்: ஓரம் முழுக்க ஓடுகிற மரப்பலகை, பின்னால் சரிவாகச் சாய்மானம். அகலம் குறைவு, கைப்பிடி கிடையாது. பத்துப் பேர் வந்து உட்கார்ந்தாலும் நடுவில் இடம் அப்படியே இருக்கும். அதைத்தான் ஹாலுக்குள் கொண்டுவந்தோம்.

உட்காரும் பலகை 18 அங்குலம். சாய்மானம் நேராக நின்றால் கால் மணி நேரத்தில் முதுகு நோகும். அதனால் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 4 அங்குலம் பின்னால் போகும்படி சரிவு. ஆக 22, காலுக்கு 16, மொத்தம் 38. நம்மிடம் இருப்பது 39. இந்த ஓர் அங்குலம் மிஞ்சியதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 12 அடி நீளத்தை ஆறடி ஆறடியாக இரண்டு பெஞ்சாகச் செய்தோம், தூக்கி மாற்ற வசதியாக. ஆறு பேர் தாராளமாக உட்காருகிறார்கள். குழந்தைகள் என்றால் எட்டு. ஜன்னலுக்குக் கீழே வருவதால் சாய்மானத்தை ஜன்னல் திண்டுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டோம். உட்காரும் உயரம் மெத்தையோடு 17 அங்குலம்.

எதிர்ச் சுவரில் மூன்றரை அடி டிவி மேசை, ஆறடித் திவான், ஒரு நாற்காலி. திவானில் மூன்று பேர். அதன் அகலம் இரண்டரை அடி என்பதால் காலைத் தொங்கவிட்டால் பாதைக்குள் கொஞ்சம் நீளும். ஆனால் திவானில் நம்மவர்கள் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்கள். ராத்திரி ஒருவர் படுக்க ஆயிற்று. பெஞ்சுக்கு அடியில் மூன்று முக்காலி. 6+3+1+3 என்று 13 பேர்.

பெஞ்சில் அடிப்பக்கத்தை மூடிப் பெட்டியாக்கினால் தலையணை, போர்வை வைக்கலாமே என்று மதினி கேட்டார். நல்ல கேள்வி. மழை குறைந்த ஊர் என்றால் அப்படியே செய்திருப்பேன். ஆனால் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று ஈரத்தோடு இங்கே வந்து விழுகிறது. சாரல் மாதங்களில் மூடிய பெட்டிக்குள் துணி பூத்துப்போகும். அதனால் கால்களின் மேல் நிற்கிற திறந்த பெஞ்சு, மிஞ்சிய அந்த ஓர் அங்குலம் சுவரில் இருந்து தள்ளி. துடைப்பம் உள்ளே போகும், காற்றும் போகும். எங்கள் பழைய சோபாவின் அடிச்சட்டம் மரத்தூள் பலகை. மூன்றாவது சாரலில் உப்பி ஆணி கழன்றது.

மரத்தில் தேக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள். எங்களுக்குக் கட்டுப்படவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் இருப்பதால் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் மருந்து ஏற்றி உலர்த்தாத ரப்பர் மரத்தை உளுவும் பூஞ்சையும் சீக்கிரம் தின்றுவிடும். போரான் மருந்து ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் பலகைக்குப் பலா மரமும் சட்டத்துக்கு ரப்பர் மரமும் போட்டோம்.

ஊஞ்சல் கேட்பவர்களுக்கு: முன்னும் பின்னும் மூன்று மூன்று அடி வேண்டும், உட்காருவது இரண்டு பேர். 10 அடி அகல ஹாலில் வேண்டாம். அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் சேர் பத்து இருந்தால் கல்யாணம் காதுகுத்துக்கு உதவும், இரண்டடிக்கு இரண்டடி மூலை போதும். பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் விரித்தால் எல்லாவற்றையும்விட அதிகம் பேர், 20 பேர்கூட உட்காரலாம். ஆனால் முட்டி வலி இருக்கிற அத்தையைக் கீழே உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கைப்பிடியை இவ்வளவு குறை சொன்ன நான், ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். வயதானவர்களுக்குக் கையூன்றி எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும். 18 அங்குல உயரம், கெட்டியான கைப்பிடி, தெருவாசலை ஒட்டி. வாசல்படியில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களோடு பேசலாம் என்பதுதான் ஆச்சியின் கணக்கு. அந்த நாற்காலியில் இருந்தும் தெரு தெரிகிறது. இந்த ஜூனில் அத்தை வந்தபோது ஆச்சி அங்கிருந்தே கூப்பிட்டார்: “ஏட்டி, நிக்காத. இங்கன பெஞ்சுல வந்து இரி.”