ஃபீனிக்ஸில் வீடு பார்ப்பவர்களுக்கு: ஜூலை மாலை நான்கு மணியை வைத்து முடிவெடுங்கள்

பிப்ரவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸுக்கு வந்து வீடு பார்ப்பவர்களுக்கு எல்லா ஏரியாவும் பிடித்துப்போகும். வெயில் இதமாக இருக்கும், பின்கட்டில் ஆரஞ்சும் எலுமிச்சையும் காய்த்துத் தொங்கும். இங்கே பல வருடம் குடியிருப்பவர்கள் எடைபோடுவது வேறு மாதத்தை வைத்து. 2023-இல் ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள் தொடர்ந்து பகல் உச்ச வெப்பநிலை 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (43 செல்சியஸ்) குறையவே இல்லை. அந்த ஜூலை 19 அன்று குறைந்தபட்ச வெப்பநிலையே 97 டிகிரி. 2024-இல் 100 டிகிரியைத் தொட்ட நாட்கள் தொடர்ச்சியாக 113. எந்த ஊர், எந்த கம்யூனிட்டி (குடியிருப்பு வளாகம்) என்று தேடும்போது, ஜூலை மாலை நான்கு மணிக்கு அந்த வீடும் அந்த ரோடும் எப்படி இருக்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ரோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். மேற்கே குட்இயர், பக்கை, சர்ப்ரைஸ் பக்கம் வீடு வாங்கி நகருக்குள் வேலைக்குப் போனால் காலையில் கிழக்கே பார்த்து ஓட்ட வேண்டும், மாலையில் மேற்கே பார்த்து. இரண்டு வேளையும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், அதனாலேயே வண்டிகள் ஊர்ந்து போகும். கிழக்கே மேசா, கில்பர்ட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகுப் பக்கம். வேலையிடத்துக்குக் கிழக்கே வீடு என்பது இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏற்கத்தக்க யோசனை.

நம்மவர்கள் பெரும்பாலும் சாண்ட்லரில் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். இன்டெலின் ஒகோடியோ வளாகத்திலோ பிரைஸ் ரோட்டு அலுவலகங்களிலோ வேலை என்றால் அது சரி. டி.எஸ்.எம்.சி.யின் சிப் ஆலையில் வேலை என்றால் கதை வேறு. அது ஐ-17 நெடுஞ்சாலையும் லூப் 303-உம் சேரும் வட ஃபீனிக்ஸ் மூலையில் இருக்கிறது. சாண்ட்லரிலிருந்து ஒரு வழிக்கே 40 மைலுக்கு மேல். அவர்கள் நோர்டெரா, ஆந்தம், வடக்கு பியோரியா பக்கம் பார்ப்பதுதான் நியாயம். தெற்கே மரிகோப்பாவில் அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும், மகா கணபதி கோயிலும் அந்தப் பக்கம்தான். ஆனால் நகரத்துக்கு வர 347-ஆம் நெடுஞ்சாலையை விட்டால் சுற்று வழிதான் உண்டு. அதில் ஒரு விபத்து நடந்தால் அன்றைய காலை போச்சு. வாரம் ஐந்து நாள் அலுவலகம் போகிறவர்களுக்கு அந்த ஊரைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

அடுத்தது தண்ணீர். வாங்குகிறவர்கள் மிகக் குறைவாகக் கேட்பதும் மிக அதிகமாகக் கேட்க வேண்டியதும் இதைப் பற்றித்தான். ஃபீனிக்ஸும் சுற்று ஊர்களும் அடங்கிய இந்தப் பள்ளத்தாக்குக்கு மூன்று ஊற்றுகள்: சால்ட், வெர்டே ஆறுகளின் அணைத் தண்ணீர், கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாயில் வருவது, பிறகு நிலத்தடி நீர். 2022-இல் கொலராடோ பற்றாக்குறையால் அரிசோனாவின் பங்கில் சுமார் 18 சதவீதம் வெட்டப்பட்டது. ஒரே ஊற்றை நம்பியிருக்கும் இடத்துக்கும் மூன்றும் கையில் இருக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

1980-ஆம் வருடச் சட்டத்தின் வழியில் வந்த விதிப்படி, இங்கே புது மனைப்பிரிவு போட 100 வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று காட்ட வேண்டும். ஃபீனிக்ஸ், டெம்பி, மேசா, சாண்ட்லர், கில்பர்ட், ஸ்காட்ஸ்டேல் போன்ற நகராட்சிகள் ஊருக்கே மொத்தமாக அந்த அங்கீகாரம் வைத்திருக்கின்றன. அது இல்லாத இடங்களில் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியே சான்றிதழ் வாங்க வேண்டும். 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதுச் சான்றிதழ்களை மாநிலம் நிறுத்தியது. பக்கை, குவீன் கிரீக் ஆகிய ஊர்களின் விரிவாக்கத்தைத்தான் அது நேராகப் பாதித்தது. ஏற்கெனவே கொடுத்த சான்றிதழ்கள் செல்லும். அதனால் அங்கே வாங்கக் கூடாது என்பதில்லை. அந்த மனைப்பிரிவுக்குச் சான்றிதழ் எப்போது வந்தது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இந்த விதிக்குள் வராத இடம் ஒன்று உண்டு. ஐந்து மனைக்குள் பிரித்தால் மனைப்பிரிவு விதியே பொருந்தாது. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் அப்படி வளர்ந்த இடம். கிணறு இல்லாத வீடுகளுக்கு லாரித் தண்ணீர். அந்த லாரிகள் நிரப்பிக்கொண்டிருந்தது ஸ்காட்ஸ்டேல் நகரக் குழாயில். 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்தியது. மலைக் காட்சி, ஒரு ஏக்கர் நிலம், ஹெச்.ஓ.ஏ. (வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம்) கிடையாது என்று விளம்பரம் பார்த்தால், தண்ணீர் எந்த நிறுவனத்திடமிருந்து எந்தக் குழாயில் வருகிறது என்று முதலில் கேளுங்கள். அளவுக்கு மேல் நிலத்தடி நீர் உறிஞ்சிய பகுதிகளில் தரையே பிளந்திருக்கிறது. குவீன் கிரீக், சான் டான் வேலி பக்கம் வாங்குபவர்கள் மாநிலப் புவியியல் துறையின் நிலப்பிளவு வரைபடத்தில் அந்த மனையைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

குழாயில் வருவது எல்லா ஊரிலும் கடின நீர். பருப்பு வேக நேரமாகும், ஷவர் தலை வெள்ளை பூக்கும், வாட்டர் ஹீட்டர் அடியில் சுண்ணாம்பு படியும். கராஜில் சாஃப்ட்னருக்கான (நீரின் கடினத்தைக் குறைக்கும் கருவி) குழாய் இணைப்பு முன்பே போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிறகு சுவரை உடைக்க வேண்டிவரும். குடிக்கவும் சமைக்கவும் தனியாக ஆர்.ஓ. வேண்டும்.

வீட்டின் முகம் வாஸ்துக்காக மட்டும் பார்க்க வேண்டியதல்ல. முன்பக்கமும் பின்பக்கமும் வடக்கு தெற்காக இருக்கும் வீடுதான் இங்கே நல்ல வீடு. கிழக்கு வாசல் வேண்டும் என்று நாம் பிடிவாதமாகத் தேடுகிறோம். கிழக்கு வாசல் வீட்டில் பின்கட்டும் ஹாலின் பெரிய கண்ணாடிக் கதவும் மேற்கே பார்க்கும். மே முதல் செப்டம்பர் வரை மாலையில் அந்தப் பக்கம் உட்கார முடியாது, ஏ.சி. ஓயாது. கிழக்கு வாசல்தான் என்றால் பின்னால் ஆழமான கூரைத் தாழ்வாரம் இருக்கிறதா, ஜன்னல்களுக்கு வெளிப்புற சன் ஸ்கிரீன் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போடும் திரை வெப்பம் நுழைந்த பிறகுதான் தடுக்கிறது. மேற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறை இரவு பத்து மணிக்கும் சூடாக இருக்கும். இரண்டு மாடி வீட்டுக்கு ஒரே ஏ.சி. என்றால் மேல்மாடி தாங்காது.

ஏ.சி. இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த வருடம் இருக்கும். இந்த வெயிலில் 10 முதல் 15 வருடம்தான் ஆயுள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 15 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருக்க வேண்டும். குறைந்தால் ஏ.சி.யின் குளிர்வாயுக் கசிவோ, அழுக்கு அடைபட்ட காயிலோ (குளிர்விக்கும் சுருள் குழாய்) காரணமாக இருக்கலாம். ஓட்டுக் கூரையில் ஓடு நாற்பது ஐம்பது வருடம் தாங்கும், அடியில் விரித்த தார்த்தாள் 20 முதல் 25 வருடத்தில் பொடிந்துவிடும். 2000-க்குப் பிறகு சாண்ட்லரிலும் கில்பர்ட்டிலும் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு இப்போது அந்த வயதுதான். மாற்றியாயிற்றா, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள், பெரிய செலவு அது.

மின்சாரம் தருவது ஏ.பி.எஸ். நிறுவனமா எஸ்.ஆர்.பி. நிறுவனமா என்பது முகவரியைப் பொறுத்தது, நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தென்கிழக்கு ஊர்களில் பெரும்பாலும் எஸ்.ஆர்.பி. நேரக் கட்டணத் திட்டத்தில் ஏ.பி.எஸ். வார நாட்களில் மாலை 4 முதல் 7 வரை அதிக விலை வாங்குகிறது. அதற்கு முன்பே வீட்டைக் குளிரவைத்து அந்த மூன்று மணி நேரம் ஏ.சி.யைத் தளர்த்துவது இங்கே எல்லோரும் செய்வது. சுவரும் பரண் இன்சுலேஷனும் நன்றாக இருக்கும் வீட்டில்தான் அது பலிக்கும். விற்பவரிடம் ஜூலை, ஆகஸ்ட் பில் கேளுங்கள், வருட சராசரி வேண்டாம். கூரையில் சோலார் இருந்தால் சொந்தமா குத்தகையா என்று பார்ப்பது முக்கியம். குத்தகை என்றால் மீதி வருடங்களின் தவணை உங்கள் தலையில் வரும், பல ஒப்பந்தங்களில் அது வருடா வருடம் ஏறும்.

ஹெச்.ஓ.ஏ. மாதத் தொகை குறைவு என்பதை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். கேட் போட்ட கம்யூனிட்டிகளில் தெருக்களும் பெரும்பாலும் தனியார் சொத்து. தார் போடுவது அங்கே குடியிருப்பவர்கள் செலவு. சேமிப்பு நிதி எவ்வளவு, நீச்சல் குளம், மதில், தெரு ஆகியவற்றுக்கு அடுத்த பெரிய பழுது எப்போது என்று ஆவணத்தில் தேடுங்கள். இரவில் தெருவில் கார் நிறுத்தலாமா என்பதையும் படித்துவிடுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து, வீட்டில் மூன்றாவது கார் சேரும்போது அது வேண்டியிருக்கும். மேசாவின் ஈஸ்ட்மார்க், பியோரியாவின் விஸ்டான்சியா, பக்கையின் வெராடோ, குட்இயரின் எஸ்ட்ரெயா போன்ற பெரிய திட்டங்களில் சி.எஃப்.டி. என்ற கூடுதல் வரி சொத்து வரியோடு சேரும். அது ஹெச்.ஓ.ஏ. தொகைக்கு வெளியே. புது வீட்டில் முதல் வருட வரி பெரும்பாலும் காலி மனைக்கானது. அதை நம்பி மாதத் தவணை கணக்குப் போட்டால் அடுத்த வருடம் இடிக்கும். அதே தெருவில் இரண்டு மூன்று வருடம் பழைய வீட்டின் வரியை கவுண்டி இணையதளத்தில் பாருங்கள்.

பள்ளிக்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் அரிசோனாவில் குறைவு. இடம் இருந்தால் வேறு மாவட்டப் பள்ளியிலும் சேர்க்கலாம், கொண்டுபோய் விடுவது மட்டும் நம் பொறுப்பு. சாண்ட்லர் பள்ளிகள் ஜூலை பிற்பாதியிலேயே திறந்துவிடும், அதற்கு முன் குடிபெயருங்கள்.

மலையடிவாரப் பகுதிகளான அவாடுகீ, வட ஃபீனிக்ஸ் ஆகியவற்றில் தேள் அதிகம். கோடை இரவில் புற ஊதா டார்ச் அடித்தால் மதில் சுவரில் பச்சையாக ஒளிரும். மருந்து அடிப்பதைவிடக் கதவடி, குழாய் நுழையும் இடம் ஆகியவற்றின் இடுக்குகளை அடைப்பதுதான் பலன் தருகிறது. கட்டுமானமும் காலி வயலும் அதிகமுள்ள ஓர ஊர்களில் புழுதியோடு வேலி ஃபீவர் (Valley fever) என்ற நுரையீரல் நோயைத் தரும் பூஞ்சையும் கிளம்பும். இருமலும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அந்தப் பரிசோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சாதாரண நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுவது உண்டு. க்ளெண்டேல் மேற்கில் லூக் விமானத் தளத்தின் போர் விமானச் சத்தம், குவீன் கிரீக் பக்கம் பால் பண்ணை வாடை இரண்டையும் வார நாளில் நேரில் போய்த்தான் அறிய முடியும்.

வழக்கமான ஒப்பந்தத்தில் வீட்டைச் சோதிக்க 10 நாள் கிடைக்கும். பொது இன்ஸ்பெக்டரை முதல் இரண்டு நாளிலேயே வரவழைத்தால், அவர் சந்தேகப்படும் இடத்துக்குக் கூரைக்காரர், ஏ.சி.காரர், கரையான் சோதனைக்காரர் என்று தனித்தனியே கூப்பிட நேரம் இருக்கும். ஆறாம் நாள் கூப்பிட்டால் கோடையில் ஏ.சி.காரர் அந்த வாரம் கிடைக்கவே மாட்டார்.