வாசலில் நிற்கும் பழைய 407: எலி, உப்புத் தண்ணி, மண்குளவி

டாடா 407 என்ற குட்டி லாரி முதலில் வந்தது 1986-ல். பதினைந்து, இருபது வயதான வண்டிகள் இன்னும் காவேரிப்பட்டணம், பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் மாங்காய்க்கும் தக்காளிக்கும் புளிக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், முன்னால் குட்டி பானெட், பழைய மாடலில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். இந்த வண்டி கெடுவதெல்லாம் பெரும்பாலும் ரோட்டில் இல்லை, வீட்டு வாசலில். மாங்காய் சீசன் முடிந்து மாட்டுக் கொட்டகை ஓரமாக மாதக்கணக்கில் நிற்கும்போது, வீட்டைச் சுற்றி இருக்கிற தொல்லை எல்லாம் வண்டிக்குள் குடி வந்துவிடுகிறது.

முதலில் எலி. ராகியோ நிலக்கடலையோ ஏற்றிய பாடியில் பலகை இடுக்கில் பிடி தானியம் தங்கினாலே போதும், அன்று ராத்திரியே வந்துவிடும். தானியம் தீர்ந்த பிறகும் போகாது. பானெட்டுக்குள் கதகதப்பும் இருட்டும் இருக்கிறது; பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்க ஏதாவது வேண்டும், அதற்கு வயர் வசதி. 407-ல் அது கை வைக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், டேஷ்போர்டுக்கு அடியில், செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய வயர், சேஸிஸ் ஓரமாக டெயில் லைட்டுக்குப் போகும் கட்டு. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னுகிறது என்றால் பல்பை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம். எர்த் வயரைப் பாருங்கள், அடுத்து அந்தக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போங்கள்.

கடிபட்ட வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குத்தான் தாங்கும். டேப்புக்குள் ஈரம் ஏறிச் செம்பு பச்சை பிடித்துவிடும். அதே தடிமன் வயரில் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, மேலே மடிப்பு பிளாஸ்டிக் குழாயில் நுழைத்துவிட வேண்டும். அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போட்டு வைக்கிறவர்கள் வண்டியைக் கொளுத்தத் தீப்பெட்டி தேடுகிறவர்கள்.

புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் வாசனை போகும் வரைதான். பலன் தருவது மூன்று வேலை. லோடு இறக்கிய அன்றே பாடியைப் பெருக்கிவிடுவது. நிற்கும் நாட்களில் ராத்திரி பானெட்டைத் திறந்தே வைப்பது. ஏர் கிளீனர் வாய்க்குக் கால் இஞ்ச் கண் உள்ள ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) கட்டுவது. வலை இல்லாவிட்டால் உள்ளே வைக்கோலும் சாக்கு நாரும் அடைத்துக் கூடு கட்டிவிடும். அப்புறம் வண்டி கறும்புகை தள்ளும், இழுவை இருக்காது, டீசல் பம்ப்பைக் கழற்றச் சொல்வார்கள். பொறி வைப்பதென்றால் சுவர் ஓரமாக, வாய் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். புதுப் பொருளைப் பார்த்தால் எலி தயங்கும். அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி பொறியை ஏற்றாமல் சுட்ட தேங்காயோ நெத்திலிக் கருவாடோ மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். விஷம் வைத்தால் டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்து நாறும். அந்த எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகலாம். எலி இருக்கிற இடத்துக்குக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் தேடி வரும் என்பதால், வண்டிக்கு அடியில் படுக்கும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது தண்ணி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணியின் உப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தப் போர் தண்ணியை ரேடியேட்டரில் ஊற்றினால், சூட்டில் கால்சியம் உப்பு பிரிந்து டியூபுக்குள்ளும் இன்ஜினில் லைனரைச் (பிஸ்டன் ஓடும் உருளை உறை) சுற்றியும் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் சூடு காட்டும் முள் அமைதியாக இருக்கும். சேலத்தில் இருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது முள் மேலே போய், மேட்டில் வந்து சமமானதும் இறங்கினால், சந்தேகம் முதலில் இந்தப் படலத்தின் மேல்தான் விழ வேண்டும். ஃபேன் பெல்ட் தொய்வை அதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பித்தளை ரேடியேட்டருக்கு 10 லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, இன்ஜின் சூடானபின் அரை மணி நேரம் ஐடிலில் விட்டு, ஆறவைத்துத் திறந்து விடலாம். ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. ஈயப் பற்றும் வாட்டர் பம்ப்பும் அரிக்கும். நல்ல தண்ணியில் மூன்று தடவை அலசிய பிறகு கூலன்ட். கெட்டியான கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி; கலந்தே வருவதில் மேற்கொண்டு தண்ணி சேர்க்கக் கூடாது. டியூப் பாதிக்கு மேல் அடைத்திருந்தால் ஆசிட்டுக்கு அசையாது, கடையில் ரேடியேட்டர் டேங்க்கைப் பிரித்துக் கம்பி விட்டு எடுக்க வேண்டியதுதான். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணி விடும் வால்வு) கழற்றி எறிகிற வைத்தியம் இந்தப் பக்கம் நிறைய நடக்கிறது. அப்படி ஓடும் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. காலையில் வெள்ளைப் புகை, கூடுதல் டீசல் என்று அந்தச் செலவு வேறு வழியில் வந்து சேரும்.

பேட்டரிக்கும் அதே டிஸ்டில்டு வாட்டர்தான். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. மாதக்கணக்கில் நிறுத்தினால் எர்த் முனையைக் கழற்றி வையுங்கள். டீசல் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடத்தில்தான் காற்றின் ஈரம் தண்ணியாகப் படியும்.

பலர் கவனிக்காதது மண்குளவி. துவாரம் எங்கே இருந்தாலும் அது மண் அடைக்கும். டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துளையை அடைத்தால், வண்டி கொஞ்ச தூரம் ஓடி மூச்சுத் திணறி நிற்கும். ஃபில்டரை மாற்றியும் சரியாகவில்லை என்றால், நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் துளை அடைப்பு, அவ்வளவுதான். இதைவிட மோசமானது பின் ஆக்ஸில் ஹவுசிங் மேல் இருக்கும் பிரீதர் (காற்றுப் போக்கி) அடைபடுவது. ஓடி ஓடி ஆயில் சூடாகும்போது உள்ளே காற்று விரியும், வெளியேற வழி இல்லை. சீல் வழியாகத் தள்ளும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்துப் பினியன் சீலில் கசிந்தால் தரையில் தெரியும். சக்கரத்தின் ஹப் சீலில் கசிந்தால் பிரேக் லைனிங் நனைந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சீலை மூன்றாம் தடவை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

தருமபுரியில் இருந்து சேலம் இறங்கும் வண்டிக்கு நனைந்த லைனிங் விளையாட்டு இல்லை. தொப்பூரில் எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டால் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (உறிஞ்சு விசை) கிடைக்காது; நாலைந்து மிதியில் பெடல் கல்லாகிவிடும். பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று வாசலிலேயே பார்க்கலாம்: இன்ஜின் நின்றிருக்க, பெடல் இறுகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்கம் ஹோஸில் விரிசல், அல்லது வேக்கம் பம்ப் பலவீனம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றாவிட்டால் இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

வெறும் மண்ணில் நிறுத்தினால் டயர் ஈரத்தில் கிடக்கும், மழைக்காலத்தில் கரையான் மேலேறிப் பாடிப் பலகையைத் தின்னும். இங்கே வெட்டுக் கல்லுக்குப் பஞ்சம் இல்லை. கல் பட்டறைக் கழிவில் நாலு தட்டைக் கல் போட்டு அதன் மேல் ஏற்றி நிறுத்தலாம். கரையானுக்கு மருந்து என்று வேஸ்ட் ஆயிலை மண்ணில் ஊற்றுவது போர் தண்ணிக்குக் கேடு. டின்னில் பிடித்து எடுப்பவரிடம் கொடுங்கள்.

கழற்றிய 7.50-16 டயர்களைக் கொல்லையில் அடுக்குவது எல்லா வீட்டிலும் நடப்பது. ஒரு மழைக்கே உள்ளே தண்ணி தேங்கும். வாளியைக் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்தாலும் வளைவில் கொஞ்சம் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும், முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக எட்டு, பத்து நாள்தான். இனி ஓடாத டயர் என்றால் பக்கவாட்டில் நாலைந்து இடத்தில் ஒரு இஞ்ச் துளை போடுங்கள். ரீட்ரேடுக்கு வைத்திருப்பதில் துளை போட்டால் கடைக்காரர் எடுக்க மாட்டார், அதைக் கூரைக்கு அடியில் நிறுத்தி வைத்துத் தார்ப்பாய் போர்த்துங்கள். தார்ப்பாய் மடிப்பில் தண்ணி தேங்காமல் ஒரு பக்கம் சரிவாகக் கட்ட வேண்டும்.