காவிப் பற்களுக்கு எது பொருந்தும்: கேப்பா, வெனீரா, காம்போசிட்டா?

கிருஷ்ணகிரிக்கும் ஆந்திராவின் குப்பம் நகருக்கும் இடைப்பட்ட ஊர்களிலுள்ள பல் மருத்துவர்களுக்கு, பல்லைச் சுற்றி மூடும் கேப்பும், முன்முகத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீரும் செய்து கொடுக்கும் சிறிய லேப் ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நோயாளிகளின் வாயை நான் பார்ப்பது அரிது. அச்சில் ஊற்றி எடுத்த கல் மாதிரியைத்தான் நாள் முழுதும் பார்க்கிறேன். ஆனால் ஒரு பல் எவ்வளவு சீவப்பட்டிருக்கிறது என்பது அந்த மாதிரியில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் துலக்கமாகத் தெரியாது. சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இரண்டு அச்சுகள் வந்தன. இரண்டிலும் மேல் முன்பற்கள் ஆறு; இரண்டுமே திருமண வயதுப் பெண்களுடையவை; இரண்டுக்கும் காரணம் கிணற்று நீர் விட்ட காவிக் கறை. முதல் மாதிரியில் ஆறு பற்களும் சீவிய பென்சில் முனைகளைப் போல நின்றன. இரண்டாவதில் பற்கள் முழு உருவத்தோடு இருந்தன. நடுப்பற்கள் இரண்டின் ஈறோரத்தில் நகத்தால் வருடினால் மட்டும் தட்டுப்படும் மெல்லிய படி ஒன்று இருந்தது. கறை ஏறத்தாழ ஒன்றே, ஆனால் இருவரும் இழந்தது ஒன்றல்ல. அந்த இழப்பை வைத்துத்தான் இங்கே ஒவ்வொரு வழியையும் ஒப்பிட விரும்புகிறேன்.

முதலில் கறையின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது கருங்கல் பூமி. பாறை இடுக்குகளில் ஆழத்தில் தேங்கும் நீர் பாறையிலுள்ள ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அளவுகோல் சொல்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருந்ததால்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. முன்பற்களின் கடினமான வெளி ஓடான எனாமல், பல் முளைப்பதற்கு முன்பே, ஏறத்தாழ எட்டு வயதுக்குள் ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. ஆகவே இன்று பெண் பார்க்கும் வயதில் இருப்பவர்களின் முன்பற்கள் பழைய தண்ணீரில் உருவானவை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கோ காவிரி நீர் வரவே இல்லை. அதிக ஃபுளோரைடில் உருவான எனாமலின் மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் மிகுந்திருக்கும். பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. கறை பல்லின் மேல் ஒட்டியிருக்கவில்லை, பல்லுக்குள் இருக்கிறது. எத்தனை முறை கிளீனிங் செய்தாலும் அது போகாததற்குக் காரணம் இதுவே.

அந்த எனாமல் எவ்வளவு தடிப்பு என்று கேட்டால் பலர் வியப்படைகிறார்கள். மேல் நடுப்பல்லின் முன்முகத்தில், ஈறுக்கு அருகே அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். நடுவில் சுமார் ஒரு மில்லிமீட்டருக்குள். கடிக்கும் விளிம்பை நெருங்கும்போது அதைவிடக் கூடும். எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுவால் ஆன அந்த எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுவதால், சீவியது மீண்டும் வளராது. இன்னொன்றும் உண்டு: பல்லில் எதை ஒட்டினாலும் அது மிக உறுதியாகப் பிடிப்பது எனாமலில்தான். பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று மைக்கேல் பூனகோர் 1955-இல் காட்டினார். இன்றைய வெனீர் முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. உள்ளே இருக்கும் டென்டின் ஈரமும் நுண்குழாய்களும் கொண்டது. அதில் ஒட்டு அவ்வளவு நம்பிக்கையானதன்று. மேலும் டென்டின் எனாமலைவிட நெகிழ்வானது. வளைகிற பலகையின் மேல் கண்ணாடியை ஒட்டினால் எது முதலில் விரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி கேப். எங்கள் பக்கத்து மக்களுக்குக் கேப் என்றால்தான் புரியும். வெனீர் என்பதைக் கூட 'முன்பக்கக் கேப்' என்றே சொல்கிறார்கள். கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை வரையும், கடிவிளிம்பில் இரண்டு வரையும் சீவ வேண்டும். எடல்ஹாஃப், சோரன்சன் ஆகிய இருவரும் 2002-இல் எடை போட்டுப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், வெனீர் வகைகளுக்கு வெளியே தெரியும் பல்லில் 3 முதல் 30 விழுக்காடு வரையும், முழுக் கேப்புக்கு 63 முதல் 72 விழுக்காடு வரையும் நீக்கப்படுவதாகக் கண்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பல்லில் நரம்பறை இன்னும் அகலமாக இருப்பதால், அந்த அளவு சீவும்போது நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னர் வேர்ச் சிகிச்சைக்குப் போகிற வாய்ப்பும் கூடுகிறது. கேப் தவறான வேலை என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே பாதி உடைந்த பல்லுக்கும், பெரிய அடைப்புகள் உள்ள பல்லுக்கும், ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளோரோசிஸ் கடுமையாகி எனாமலே பொத்துப்போய் உதிரும் பல்லுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் உருவம் கெடாத, வெறும் நிறம் மாறிய பல்லுக்குக் கேப் போடுவது, சுவரில் பாசி படிந்ததற்காகச் சுவரையே இடிப்பது போன்றது. இந்த வழிக்கு இவ்வளவு ஆதரவு இருப்பதற்கு, திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்து நிற்கும் குடும்பங்களின் அவசரமும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. லேபுக்கும் கேப்பே எளிது, ஏனெனில் அடியில் என்ன நிறம் இருந்தாலும் தடிப்பான பொருள் மறைத்துவிடும்.

இதற்கு நேர் எதிரே நிற்பது, பல்லைத் தொடவே தொடாமல் ஒட்டும் மெல்லிய வெனீர். விளம்பரத்தில் இதைப்போல் கவர்ச்சியானது வேறில்லை: ஊசி இல்லை, சீவல் இல்லை, காண்டாக்ட் லென்ஸ் போல 0.3 மில்லிமீட்டர் ஓடு. இடைவெளி உள்ள பற்களுக்கும், இயல்பிலேயே சிறுத்த பற்களுக்கும் இது அருமையான தீர்வு. அங்கே எதையும் எடுக்காமல் சேர்க்க மட்டுமே வேண்டியிருக்கிறது. எங்கள் வட்டாரக் காவிப் பல்லுக்கு மட்டும் இது அவ்வளவாகக் கை கொடுப்பதில்லை. அதை நானே ஒருமுறை தவறிழைத்துக் கற்றேன். பழுப்புப் பட்டை ஓடிய நான்கு பற்களுக்கு, சீவாமலே 0.3 மில்லிமீட்டரில் ஓடு செய்து அனுப்பினேன். மேசையில் விளக்கொளியில் பிடித்தபோது பனங்கிழங்குத் தோல் போல ஒளி ஊடுருவியது, பெருமையாகவும் இருந்தது. வாயில் வைத்துப் பார்த்தபோது அடியிலிருந்த பழுப்பு மேலே ஏறி, பற்கள் சாம்பல் பூசியது போல் தெரிந்தன. நல்லவேளையாக ஒட்டுவதற்கு முன்பே மருத்துவர் திருப்பி அனுப்பினார். மறைக்கும் தன்மையுள்ள பீங்கானில் மறுபடி செய்தால் தடிப்புக் கூடும். சீவாத பல்லின் மேல் தடிப்பான ஓடு ஒட்டினால் பற்கள் முன்னே துருத்தி, உதடு மூடச் சிரமப்படும், ஈறோரத்தில் மேடு நின்று அழுக்குச் சேரும். போதாக்குறைக்கு, ஃபுளோரோசிஸ் எனாமலின் வெளிப்படலம் அமிலத்துக்கு எளிதில் மசியாது. வழக்கமான நேரம் அமிலம் வைத்தால் ஒட்டுக்குத் தேவையான சொரசொரப்பு வருவதில்லை. ஆகவே நேரத்தைக் கூட்டவோ, அந்தப் படலத்தை மட்டும் மெல்லத் தேய்த்து நீக்கவோ வேண்டியிருக்கிறது. 'தொடவே மாட்டோம்' என்ற வாக்குறுதி இங்கே அப்படியே காப்பாற்றக் கூடியதல்ல.

எனவே எனக்கு மிகவும் ஏற்புடையது, எனாமலுக்குள்ளேயே நிற்கும் குறைந்த சீவலுடைய பீங்கான் வெனீர். முன்முகத்தில் மட்டும், ஈறோரத்தில் 0.3, நடுவில் 0.5 மில்லிமீட்டர் என்ற அளவில் எடுத்து, விளிம்புகள் எல்லாம் எனாமலிலேயே முடியுமாறு செய்வது இதன் உயிர்நிலை. இங்கே மருத்துவரின் கைத்திறனைவிட அவர் கையாளும் வரிசையே முக்கியம் என்பது என் கணிப்பு. நல்ல மருத்துவர் முதலில் எங்களிடம் மெழுகில் புதிய பற்களின் உருவத்தைச் செய்யச் சொல்வார். அந்த உருவத்தைத் தற்காலிகப் பிசினில் வாயில் ஏற்றி, நோயாளி அதோடு பேசிச் சிரித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பிசினின் மேலிருந்தே ஆழம் குறித்துச் சீவுவார். புதிய பல்லின் வெளிமுகத்திலிருந்து அளப்பதால், ஏற்கெனவே தேய்ந்தோ உள்வாங்கியோ இருக்கும் இடங்களில் அசல் பல் பெரும்பாலும் தொடப்படாமலே தப்பிவிடுகிறது. கண்ணளவில் சீவும் மருத்துவர்களின் மாதிரிகளில், ஈறோரத்தில் எனாமல் முடிந்துபோன இடங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் வேலையும் அதே அளவு நுணுக்கமானது. லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கானால் ஆன ஓட்டின் உட்புறத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் இருபது வினாடி வைத்து, சைலேன் என்ற இணைப்புத் திரவத்தைத் தடவி, பிறகு பிசின் சிமெண்டால் ஒட்டுகிறார்கள். பீங்கானை இப்படி அமிலத்தால் அரித்து ஒட்டலாம் என்பதை 1983-இல் சைமன்சனும் கலாமியாவும் காட்டினார்கள். அதற்கு முன் 1930-களில் சார்லஸ் பிங்கஸ் ஹாலிவுட் நடிகர்களுக்கு மாட்டிய ஓடுகள், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைப்பவை. ஒட்டாத ஓடு விரல் நுனியில் முட்டையோடு போல நொறுங்கும். எனாமலில் ஒட்டிய பிறகு அதே ஓடு பல்லோடு ஒன்றாகிக் கடியைத் தாங்கும். எனாமலில் ஒட்டிய பீங்கான் வெனீர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்தாண்டுக்குப் பின்னும் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. டென்டின் வெளிப்பட்ட பல்லில் இந்தக் கணக்கு இறங்கிவிடும். ஜிர்கோனியா என்ற பீங்கான் இன்னும் வலுவானதாயிற்றே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: அது அந்த அமிலத்தில் அரிபடாது, ஆகவே மெல்லிய முன்முக ஓட்டுக்கு என் முதல் தேர்வாக அது இருப்பதில்லை.

லேப் வைத்திருப்பவன் காம்போசிட்டைப் புகழ்வது தன் பிழைப்பைத் தானே கெடுப்பதுதான். எனினும் பதினெட்டு, இருபது வயதுக்கு அதுவே பல சமயம் சிறந்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவரே ஒரே அமர்வில் பல்லின் மேல் பிசினை அடுக்கி, ஒளியால் இறுகச் செய்து, மெருகேற்றி விடுகிறார். லேப் கட்டணம் இல்லை. சீவல் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. மூலை உடைந்தால் அந்த மூலையை மட்டும் சரிசெய்யலாம். குறை என்னவென்றால், பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் மெருகு மங்கிப் புதுப்பிக்க வேண்டிவரும்; மஞ்சள் போட்ட குழம்பும் டீயும் வெற்றிலையும் பீங்கானில் ஏறாத கறையைப் பிசினில் ஏற்றிவிடும். கரும்பைப் பல்லால் உரிப்பவருக்கும், சோடா மூடியைப் பல்லால் திறப்பவருக்கும் காம்போசிட்டும் நிற்காது, பீங்கானும் நிற்காது.

இவை எதற்கும் முன், எதையும் ஒட்டாமலே முயலக்கூடியவை மூன்று உண்டு. இவற்றை யாரும் விளம்பரம் செய்வதில்லை. பத்து விழுக்காடு கார்பமைடு பெராக்சைடை வாய்க்கு அளவெடுத்த தட்டில் வைத்து இரவுகளில் போட்டுக்கொள்ளும் வெளுப்பு முறை 1989 முதல் வழக்கத்தில் உள்ளது. பழுப்பு கணிசமாக இறங்கும், ஆனால் தொடக்கத்தில் வெண்திட்டுகள் இன்னும் துருத்தித் தெரியும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அராவுத்தூளும் சேர்ந்த பசையால் மேற்பரப்பைத் தேய்ப்பது இரண்டாவது. இதில் போவது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்குக்கு மேல் இருக்காது. மூன்றாவது, நீர்போன்ற பிசினை நுண்துளைகளுக்குள் ஊறவிடுவது. துளைகளில் காற்றும் நீரும் இருப்பதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, நீருடையது 1.33, எனாமலுடையது 1.62. துளையை 1.52 எண்ணுள்ள பிசின் நிரப்பியதும் சிதறல் குறைந்து திட்டு மங்கிவிடுகிறது. மிதமான கறைக்கு இந்த மூன்றுமே போதுமானதாக இருக்கலாம். போதாதபோதும், அடிநிறம் இறங்கியிருப்பதால் வெனீரை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. லேப்காரன் பார்வையில் அதுதான் பெரிய லாபம்.

இரண்டாவது மாதிரிக்குரிய பெண் குப்பத்துக்கு அருகிலுள்ள ஊரைச் சேர்ந்தவர். நிறம் பார்ப்பதற்காக மருத்துவர் அவரை லேபுக்கே அனுப்பினார். கூடவே அம்மாவும் வந்திருந்தார். "ஏண்ணா, ஆறுக்கும் மொத்தமா கேப் போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்னு சொல்றாங்களே, இவங்க ஏன் இப்படி இழுக்கறாங்க?" என்று கேட்டார். அடுக்கிலிருந்து முதல் மாதிரியை எடுத்து, பெயர்ச் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, அவர் முன்னே வைத்தேன். "அம்மா, கேப் போட்டா உள்ளே மிஞ்சறது இதுதான்" என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி, ஒரு முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மகளின் பக்கம் திரும்பினார். மகள் எதுவும் சொல்லவில்லை.

அவருக்கு ஏற்கெனவே ஆறு வாரம் வெளுப்புச் செய்திருந்தார்கள். வெளுப்பு முடிந்த கையோடு ஒட்டினால், பல்லில் தங்கிய ஆக்சிஜன் பிசினை இறுக விடாது என்பதால் மேலும் இரண்டு வாரம் காத்திருந்தார்கள். ஓரப் பற்கள் நான்கும் அதற்குள்ளாகவே திருப்தியாகத் தேறியிருந்தன. நடுப்பற்கள் இரண்டிலும் மட்டும் பழுப்புப் பட்டை விடாப்பிடியாக நின்றது. ஆறு ஓடுகளுக்கென்று வந்த சீட்டில் மருத்துவர் நான்கை அடித்துவிட்டு, 'இரண்டு மட்டும், 0.4' என்று எழுதி அனுப்பினார். ஆறு ஓட்டுக்கான கூலி இரண்டாகக் குறைந்த அந்தச் சீட்டை இன்னும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.